தறி ரையன் யார்?

அத்தியாயம் 7

கில்வேரா கல்லறைத் தோட்டத்தில் நூற்றுப் பதினான்கு ரையன்கள் படுத்திருந்தார்கள். ஃபின்டன் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னான்.

"மத்த பேர்க்காரங்க மொத்தமே பதினெட்டுப் பேரு, பாஸ். செத்த பிறகும் சிறுபான்மை. பாவம்."

டிம்ப்னா லெனிஹன் கோட்டின் கழுத்துப்பட்டையை உயர்த்திக்கொண்டாள். மழை என்று சொல்ல முடியாத ஒரு மழை கோட்டின் மேல் உட்கார்ந்து, கேட்காமலே உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு வருடம் போலீசில் துப்பறியும் பிரிவில் இருந்தவள் அவள். இப்போது நீனா ஊரில் ஒரு கசாப்புக் கடைக்கு மேலே சொந்த அலுவலகம். ஃபின்டன் குரோகன் அவளுடைய உதவியாள், டிரைவர், சமயத்தில் தலைவலி. அதற்கு முன்னால் பத்தொன்பது வருடம் சவ வண்டி ஓட்டியவன். வண்டியில் கூட வருகிறவர் பதில் பேசுவது அவனுக்கு இன்னும் பழகவில்லை.

இன்று வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு கார்னி ரையன் நீதிமன்றத்தில் எழுந்து நின்று, டின்னி கிளீசனைத் தள்ளிக் கொன்றது நான்தான் என்று சொல்லப்போகிறார். அவருக்கு அறுபத்தெட்டு வயது. இரண்டு முறை மாரடைப்பு வந்த உடம்பு.

மூன்று வாரத்துக்கு முன்னால் அவருடைய மகள் ஈட்டா அலுவலகத்துப் படியேறி வந்தாள். பள்ளி ஆசிரியை. விரலில் சாக்கட்டித் தூள் ஒட்டியிருந்தது.

"எங்கப்பா ஆட்டுக்குட்டியக்கூட அதட்ட மாட்டாரு. அவர வீட்டுக்குக் கொண்டு வாங்க. எனக்கு வேற எதுவும் வேண்டாம்."

வழக்கு வெளியிலிருந்து பார்க்க எளிமையாக இருந்தது. டின்னி கிளீசன் நாற்பத்தொரு வருடம் லண்டனில் இருந்துவிட்டு, போன கிறிஸ்துமஸுக்குப் பிறகு ஊர் திரும்பி, பாழாய்க் கிடந்த அப்பாவின் வீட்டைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார். பிப்ரவரியில் ஒரு காலை, வைக்கோல் பரணுக்குப் போகும் கல்படிக்கட்டின் அடியில் மண்டை உடைந்து கிடந்தார். தபால்காரர் பார்த்தபோது மூச்சு இருந்தது. யார் செய்தது என்று அவர் கேட்டார்.

"தறி ரையன்," என்றார் டின்னி. இன்னொரு முறையும் அதையே சொன்னார். பிறகு பேசவில்லை.

கில்வேராவில் பெரும்பாலானவர்கள் ரையன். அதனால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கிளைப்பெயர். கொல்லன் ரையன், பாலம் ரையன், செம்பட்டை ரையன். பிஷப் ரையன்கள்கூட உண்டு; அந்தக் குடும்பத்தில் பிஷப் யாரும் இல்லை, தாத்தா ஒருமுறை பிஷப்பின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாராம், அவ்வளவுதான். தறி ரையன் என்பது ஒரே ஒரு வீடு. எப்போதோ ஒரு மூதாதை அங்கே தறி வைத்திருந்தார். அந்த வீட்டில் இருக்கும் ஒரே ஆண் கார்னி. சார்ஜண்ட் ஹெஷன் நாற்பத்தொரு வீட்டுக் கதவைத் தட்டி, தறி ரையன் யார் என்று கேட்டார். நாற்பத்தொரு வீடும் ஒரே பதிலைச் சொன்னது. அன்று காலை கிளீசனின் வயலைத் தாண்டி கார்னி போனதைத் தபால்காரரும் பார்த்திருந்தார். சாயங்காலம் கார்னியே, "ஆமா, நான்தான்" என்று கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு வழக்கைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. லிமெரிக் சிறையில் டிம்ப்னா மூன்று முறை பார்த்தாள். மூன்று முறையும் அவர் கன்றுக்குட்டிகளைப் பற்றி மட்டும் விசாரித்தார்.

மிச்சம் இருந்தது ஒரே நூல். இன்னொரு தறி ரையன் எங்காவது இருக்கிறானா? ஒரு ஒன்றுவிட்ட தம்பி, ஓடிப்போன மாமா, யாராவது ஒரு ஆள். உயிரோடு இருக்கிறவர்கள் சொல்லாததை, கல்லறைக் கற்கள் சொல்லக்கூடும்.

"இங்க இருக்கு பாஸ்," என்றான் ஃபின்டன். "தறி ரையன் குடும்பக் கல்லறை. நல்ல இடம். காத்தோட்டம்."

பாசி படிந்த கல். கடைசியாகப் பொறித்திருந்தது இரண்டு பெயர்கள்: ஜான் ரையன் (தறி), 1967. அவர் மனைவி பிரிஜிட், 1970. கீழே இன்னும் நாலைந்து பெயருக்கு வெற்றிடம்.

"ஜானுக்குத் தம்பி, அண்ணன்?"

"பக்கத்துக் கல்லுலயும் பாத்துட்டேன். ஒரு தம்பி, பதினஞ்சு வயசுல காசநோய். வேற ஆம்பளையே இல்ல. கிளை இதோட நின்னு போச்சு, கார்னியத் தவிர."

டிம்ப்னா கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ ஒன்று குறைந்தது.

"ஃபின்டன், கார்னியோட அப்பா இந்த ஜான்தானே?"

"வேற யாரு?"

"போன வாரம் சிறையில கார்னி ஒண்ணு சொன்னார். அவர் அம்மா செத்தப்போ பனி பெஞ்சுதாம், அந்த வருஷம் எட்டுக் கன்னுக்குட்டி போச்சாம். பனி பெஞ்சு கன்னு செத்தது எந்த வருஷம்?"

"எண்பத்திரண்டு, ஜனவரி. ஊரே மறக்காது. நான் அந்தப் பனியில..." ஃபின்டன் நிறுத்தினான். அவன் வாய் தானாக நிற்பது அபூர்வம். "பாஸ். கார்னி அம்மாவ நான்தான் ஏத்திட்டுப் போனேன்."

"எங்க?"

"மலைக்கு அந்தப் பக்கம். லிமெரிக் எல்லையத் தாண்டி. பதினோரு மைல், டயர் வேற வெடிச்சுது. வாசல்லயே குடும்பக் கல்லறை இருக்க, ஒரு கிழவிய எதுக்குடா மலையேத்திக் கொண்டு போறாங்கன்னு அன்னிக்கே நினைச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் டயர் மாத்துனேன். நினைச்சத மறந்துட்டேன்."

இந்த நாட்டில் ஒரு பெண் கணவனோடு புதைக்கப்படுவாள். கார்னியின் அம்மா மலைக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தால் அப்பாவும் அங்கேதான் இருக்க வேண்டும். அப்படியானால் இந்த ஜான் ரையன் கார்னிக்கு அப்பா இல்லை.

துப்பு கிடைத்தால் வழக்கமாக வரும் சந்தோஷம் டிம்ப்னாவுக்கு வரவில்லை.

"ஃபாதர் வீட்டுக்கு விடு வண்டிய," என்றாள்.

ஃபாதர் டூஹி மெலிந்த மனிதர். பெயர்களின் சரித்திரம் என்றால் சாப்பாட்டை மறப்பவர். அலமாரியிலிருந்து திருமணப் பதிவேட்டை எடுக்கும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"உண்மையில இவங்க யாரும் ரையன் இல்ல, தெரியுமா? முல்ரையன். அதுக்கு முன்னால 'ஓ' வேற இருந்துது. இன்னாரோட பேரன்னு அர்த்தம். ஆங்கிலேயர் ஆட்சியில முன்னால இருந்தது உதிர்ந்துது. அப்புறம் முல்லும் போச்சு. நானூறு வருஷத்துல பாதிப் பேரத் தொலைச்சுட்டு, மிச்சத்த வச்சிக்கிட்டு ஊரையே நிரப்பிட்டாங்க."

"முழுப்பேரு இருந்திருந்தா கல்லறையில இடம் பத்தாது ஃபாதர்," என்றான் ஃபின்டன்.

"ஒரே பேர்ல இத்தன பேர் ஆனதும் எங்க பாதிரிமார் திண்டாடிப் போனாங்க. இவன் எந்த மேரியோட பிள்ளைன்னு தெரியாம ஞானஸ்நானம் குடுக்க முடியுமா? அதனால பதிவேட்டுலயே கிளைப்பெயர அடைப்புக்குள்ள எழுதிடுவாங்க. சர்க்கார் தாள்ல இது இருக்காது. எங்ககிட்ட மட்டும்தான். எந்த வருஷம் வேணும்?"

"கார்னி கல்யாணம்."

"ஐம்பத்தாறு." அவர் விரல் பக்கத்தில் இறங்கி நின்றது.

டிம்ப்னா குனிந்து படித்தாள். மணமகன், கார்னீலியஸ் ரையன் (பாலம்). மணமகள், ஹனோரா ரையன் (தறி).

ஃபின்டன் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"பாலம்," என்றான் ஃபின்டன் மெதுவாக. "கார்னி பாலம் ரையன். அப்ப தறி..."

"ஜானுக்கு ஒரே பொண்ணு," என்றார் பாதிரியார், இதில் என்ன ஆச்சரியம் என்பதுபோல. "கார்னி அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையா வந்தவர். ரையன் ரையனக் கட்டுறது இங்க சாதாரணம். கிளைப்பெயர் வீட்டோட பேரு. வீட்டுக்கு வர்ற ஆம்பளைக்கு அது ஒட்டிக்கும். ஒரே வருஷத்துல அவர் தறி ரையன் ஆயிட்டார்."

"இது ஊருக்குத் தெரியுமா ஃபாதர்?"

"வயசானவங்க எல்லாருக்கும் தெரியுமே."

"அப்ப சார்ஜண்ட்கிட்ட ஏன் ஒருத்தரும் சொல்லல?"

பாதிரியார் கண்ணாடியைக் கழற்றினார். "அவர் தறி ரையன் யாருன்னுதானே கேட்டார்? கார்னிதான். அதுல பொய் இல்லையே."

வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்தார்கள். ஃபின்டன் சாவியைத் திருப்பவில்லை.

"டின்னி எந்த வருஷம் லண்டன் போனான்?" என்று கேட்டாள் டிம்ப்னா.

"ஐம்பத்துமூணு."

"கார்னி இந்த ஊருக்கு வந்தது ஐம்பத்தாறு."

"ஆக, டின்னி போனப்போ..."

"டின்னிக்குக் கார்னி யாருன்னே தெரியாது. அவன் தலையில இருந்த ஊரு ஐம்பத்துமூணாம் வருஷத்து ஊரு. அந்த ஊர்ல தறி ரையன்னா, ஒண்ணு ஜான். அவர் செத்து இருபத்தேழு வருஷம் ஆச்சு."

"இன்னொண்ணு?"

டிம்ப்னா கண்ணாடியில் வழியும் தண்ணீரைப் பார்த்தாள். பதிவேட்டில் மணமகளின் பெயரை இரண்டு பேருமே படித்திருந்தார்கள். ஃபின்டன் வண்டியைக் கிளப்பினான். தறி ரையன் வீடு வரும்வரை ஒரு நகைச்சுவைகூடச் சொல்லவில்லை.

கார்னியின் மனைவி நோனி ரையன் அடுப்படியில் ரொட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். பதிவேட்டில் ஹனோரா, பள்ளியில் நோரா, ஊருக்கு நோனி. அறுபத்துமூன்று வயது. முழங்கை வரை மாவு.

"வாங்க, உக்காருங்க. ஈட்டா பள்ளிக்கூடம் விட்டு நாலு மணிக்குத்தான் வருவா. டீ போடறேன்."

"உங்களப் பாக்கத்தான் வந்தோம், மிஸஸ் ரையன்."

நோனி கெட்டிலை அடுப்பின் மேல் வைத்தாள். திரும்பாமலே கேட்டாள். "ஃபாதர் வீட்டுக்குப் போனீங்களோ?"

"ஆமா."

"நீங்க போவீங்கன்னு நெனச்சேன். அந்த சார்ஜண்ட் மேயோக்காரன், வெளியூரு. அவனுக்கு அந்தப் புத்தகம் இருக்கிறதே தெரியாது."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ரொம்ப நாள் நின்றிருந்தவள் உட்கார்வதுபோல இருந்தது.

"என் வகுப்புல என்னையும் சேத்து ஏழு நோரா ரையன், மகளே. டீச்சரம்மா எங்களக் கிளைப்பெயரச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. கொல்லன், எழுந்திரு. தறி, எழுந்திரு. டின்னி எனக்குப் பின் பெஞ்சு. கடைசி வரைக்கும் அவன் என்னை வேற பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. ஆத்தங்கரையில, நடனத்துக்குப் போற வழியில, எங்கயும் தறி ரையன்தான்."

"நீங்க ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கிறதா இருந்தீங்களா?"

"இருந்தோம். எங்கப்பா ஒரே வார்த்தையில முடிச்சார். கிளீசன் வந்தா நிலம் கிளீசன் நிலம் ஆயிடும்னார். டின்னிகிட்ட வேற குறையே சொல்லல. நல்ல பையன்தான், ஆனா பேரு தப்புன்னார். அவன் கப்பலேறிட்டான். மூணு வருஷம் கழிச்சு அப்பா மலைக்கு அந்தப் பக்கம் போயி ஒரு ரையனப் பிடிச்சுட்டு வந்தார். ஒரு பெட்டியும் சைக்கிளுமா வந்தாரு கார்னி."

"எனக்குத் தெரிஞ்சு இந்த ஊர்ல மாடுகூட அதவிட யோசிச்சுத்தான் வாங்குவாங்க," என்றான் ஃபின்டன். ஆனால் அவன் குரலில் கேலி இல்லை. நோனி லேசாகச் சிரித்தாள்.

"அவர் நல்லவரு, தம்பி. அதுல எனக்கு அதிர்ஷ்டந்தான். என்ன, என் பேரக் கழட்டி அவருக்குப் போட்டுட்டாங்க. அன்னிலேர்ந்து நான் கார்னி பொண்டாட்டி."

கெட்டில் சத்தம் போட ஆரம்பித்தது.

"டின்னிக்கு ரொட்டி கொண்டு போனேன். பரணக் காட்டறேன், மேல வான்னான். போனேன். அந்தப் படிக்கட்டுக்குக் கைப்பிடி கிடையாது. அன்னிக்கு உங்கப்பன எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னன்னு கேட்டான். நாப்பது வருஷம் கழிச்சுக் கேக்கற கேள்வியா அது? என் கையப் பிடிச்சான். முரட்டுத்தனமா இல்ல. ஆனா விடல. நான் உதறுனேன், மகளே. பலமா உதறுனேன். அவனுக்குப் பின்னால படி இல்ல."

கையைப் பார்த்தாள்.

"ஓடி வந்து கார்னிகிட்ட சொன்னேன். அவர் என்ன ஏதுன்னு பாக்க வயல்ல இறங்கி ஓடினாரு. அதுக்குள்ள தபால்காரர் அங்க இருந்தாரு. டின்னி பேர் சொன்னது கார்னி காதுல விழுந்துது. திரும்பி வந்து என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு. 'நல்லவேளை, அந்தப் பேரு எங்கிட்டதான் இருக்கு'ன்னாரு."

"டின்னி உங்களக் காட்டிக் குடுத்திருக்கார்."

"இல்ல." நோனி முதல்முறையாகக் குரலை உயர்த்தினாள். "அவன் யாரையும் காட்டிக் குடுக்கல. தபால்காரர் கேட்டது அவன் காதுல விழுந்தே இருக்காது. அவன் என்னக் கூப்பிட்டான். நான் ஓடிட்டேன்."

டிம்ப்னா மேசையில் இருந்த துணிச் சுற்றலைப் பார்த்தபடி, தொழில் சொல்லிக்கொடுத்த குரலில் பேசினாள். "மிஸஸ் ரையன், இது விபத்து. நீங்களே சார்ஜண்ட்கிட்ட வந்து சொன்னா..."

"மூணு தடவ போனேன்."

"என்ன?"

"மூணு தடவ. முதல் தடவ டீ குடுத்தான். ரெண்டாம் தடவ, புருஷனக் காப்பாத்த எல்லா மனைவியும் இதத்தான் சொல்லுவாங்கன்னான். மூணாம் தடவ ஈட்டாவுக்கு ஃபோன் பண்ணி, அம்மாவுக்கு மனசு சரியில்ல, கூட்டிட்டுப் போங்கன்னான்."

கூடத்தில் இருந்த தொலைபேசிக்கு டிம்ப்னா போனாள். சார்ஜண்ட் ஹெஷன் பொறுமையாகக் கேட்டார். அந்தப் பொறுமைதான் மோசம்.

"டிம்ப்னா, நீ டிபார்ட்மெண்ட்ல இருந்தவ. உனக்கே தெரியும். என்கிட்ட கையெழுத்துப் போட்ட வாக்குமூலம் இருக்கு. ஆள அங்க பாத்த சாட்சி இருக்கு. சாகறவன் சொன்ன பேரு இருக்கு."

"அந்தப் பேரு அவரோடது இல்ல சார். டின்னி போனப்போ..."

"நாப்பத்தொரு வீட்டுல கேட்டேன்."

"யாருன்னு கேட்டீங்க. ஐம்பத்துமூணுல யாருன்னு கேளுங்க."

மறுமுனையில் பெருமூச்சு. "கேட்டு? ஒரு பட்டப்பேரு பாதிரியார் நோட்டுல அடைப்புக்குள்ள இருக்குன்னு நான் சர்க்கார் வக்கீல்கிட்ட போய் நிக்கவா? அந்தம்மாவத் திங்கட்கிழமை கூண்டுல ஏத்துனா, கார்னி எழுந்து அவ பொய் சொல்றான்னு சத்தியம் பண்ணுவான். நீ நம்பற. நான்கூட நம்பறேன்னே வச்சுக்க. என்ன எழுதறது?"

டிம்ப்னா போனை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

வாசல் கதவு திறந்திருந்தது. ஈட்டா உள்ளே நின்றிருந்தாள். தோளில் பை, கையில் திருத்த வேண்டிய நோட்டுகள். எத்தனை நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. கோட்டிலிருந்து சொட்டிய தண்ணீர் தரையில் ஒரு சிறு குட்டை அளவுக்குத் தேங்கியிருந்தது. அவ்வளவு நேரம்.

"ஈட்டா," என்றாள் டிம்ப்னா.

"எங்கப்பாவக் கொண்டு வாங்கன்னு சொன்னேன்." ஈட்டாவின் குரல் வகுப்பில் பேசுவதுபோல நிதானமாக இருந்தது. "எங்கம்மாவக் கொண்டு போங்கன்னு சொல்லல."

அடுப்படியிலிருந்து நோனி வந்து கதவோரம் நின்றாள். மாவுக் கையை இடுப்பில் கட்டியிருந்த துணியில் துடைத்தாள். மகள் பக்கம் போகவில்லை.

"நான் போயிச் சொன்னது பைத்தியத்துல இல்ல, ஈட்டா," என்றாள்.

"நான் வந்து கூட்டிட்டு வந்தேனே, அம்மா. மூணாம் தடவ. வண்டியில நீ அழுதே. வாய மூடிட்டு உக்காருன்னு சொன்னேனே."

ஃபின்டன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். பத்தொன்பது வருடத்துப் பழக்கம்.

ஈட்டா நோட்டுகளைக் கூடத்து மேசையில் வைத்து, விளிம்புகளை நேராக்கினாள். பிறகு டிம்ப்னாவைப் பார்த்தாள்.

"இத நீங்க கோர்ட்டுல சொன்னா, எங்கப்பா வெளிய வருவாரா?"

"இல்ல. யாரும் நம்ப மாட்டாங்க. உங்கப்பாவே மறுத்துடுவார்."

"சொல்லலன்னா?"

"அப்பவும் வரமாட்டார்."

"அம்மாவுக்கு?"

"ஒண்ணும் ஆகாது. இங்கயே இருப்பாங்க."

ஈட்டா தலையாட்டினாள். கணக்கு சரியாக வராத மாணவி கரும்பலகையைப் பார்ப்பதுபோல டிம்ப்னாவையே பார்த்தாள்.

"அப்புறம் எதுக்கு," என்றாள், "இதக் கண்டுபிடிச்சீங்க?"